சம்பளத்தைத் திருப்பித் தந்த போதகர்கள்: நார்வே திருச்சபை, 1940–42

அரசாங்கத்துக்கு எதுவரை கீழ்ப்படியலாம் என்று கிறிஸ்தவர்களிடம் கேட்டால் இரண்டு வசனங்கள் உடனே வந்து நிற்கும். ஒன்று, அதிகாரங்கள் தேவனாலே நியமிக்கப்பட்டவை என்கிற ரோமர் 13. மற்றது, மனுஷரைவிட தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுரு சொன்ன அப்போஸ்தலர் 5:29. ஒருவர் முதலாவதைச் சொல்வார், இன்னொருவர் இரண்டாவதைச் சொல்வார், பேச்சு அங்கேயே செக்கு மாடாகச் சுற்றும். அரசு எந்த இடத்தில் எல்லை தாண்டியது, தாண்டியது தெரிந்த மறுநாள் காலையில் என்ன செய்வது என்பதற்கு வசனங்களை ஒப்பிப்பதால் மட்டும் விடை வராது.

அதனால்தான் இரண்டாம் உலகப் போர்க்கால நார்வேயை எடுத்துக்கொள்கிறேன். அங்கே எதிர்த்து நின்றது ஒதுங்கி வாழ்ந்த ஏதோ ஒரு சிறு பிரிவு இல்லை. அரசிடமே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த, நாட்டின் மன்னரையே தலைவராகக் கொண்ட ஓர் அரசுத் திருச்சபை.

அரசு ஊழியரான போதகர்

நார்வேயின் 1814 அரசியல் சாசனம் லூத்தரன் மார்க்கத்தை, அதாவது 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் வழிவந்த புராட்டஸ்டன்ட் பிரிவை, நாட்டின் மதமாக வைத்தது. பேராயர்களை நியமித்தவர் மன்னர், நடைமுறையில் அமைச்சரவை. போதகர் ஒரே நேரத்தில் ஊழியக்காரரும் அரசு ஊழியரும். ஞாயிறு அன்று பிரசங்கம், மற்ற நாட்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள். லூத்தரன் மரபோ அதிகாரத்தை மதிக்கப் பழக்கிய மரபு.

1940 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜெர்மன் படைகள் உள்ளே வந்தன. ஜூனில் மன்னர் ஏழாம் ஹாக்கோனும் அமைச்சர்களும் பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்கள். ஹிட்லர் அனுப்பிய ஆணையர் யோசெப் டெர்போவன் செப்டம்பர் 25-ல் ஒரு கட்சியைத் தவிர எல்லாக் கட்சிகளையும் தடை செய்தார். அந்த ஒரு கட்சி, ஜெர்மன் நாஜிகளோடு கைகோத்த விட்குன் குவிஸ்லிங்கின் நாஷனல் சாம்லிங்.

இந்தக் கட்சி மதத்துக்கு எதிராகப் பேசவில்லை. கிறிஸ்தவத்தின் அடிப்படை மதிப்புகளைப் பாதுகாப்போம் என்று அதன் கொள்கை அறிக்கையிலேயே எழுதி வைத்திருந்தது. குவிஸ்லிங் ஒரு போதகரின் மகன். ‘நாங்கள் சபையைத் தொடவில்லை, நீங்கள் அரசியலைத் தொடாதீர்கள்’ என்பதே பேரம். ரோமர் 13-ஐ அவர்களே எடுத்துக் காட்டினார்கள்.

மறுபக்கம் நின்றவரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஓஸ்லோவின் பேராயர் எய்விந்த் பெர்க்ராவ், 1937-ல் அந்தப் பதவிக்கு வந்தவர். பின்னாளில் எதிர்ப்பின் முகமாக உலகப் பத்திரிகைகளில் வந்தார் என்பது உண்மை. ஆனால் படையெடுப்பு நடந்த அதே வாரத்தில், பொதுமக்கள் சண்டையில் இறங்க வேண்டாம் என்று வானொலியில் கேட்டுக்கொண்டவரும் அவர்தான். ஜெர்மானியரோடு பேச்சுவார்த்தை நடத்தித் தீர்வு காண முயன்றவர்களில் ஒருவர். ஆராதனையில் மன்னருக்காக ஏறெடுக்கும் ஜெபத்தை விடச் சொன்னபோது பேராயர்கள் அதற்கும் இணங்கினார்கள். பலருக்கு இது கசந்தது. எனக்கு இந்தப் பகுதி முக்கியமாகப் படுகிறது. முதல் நாளே வாளை உருவியவர்களைப் பற்றிய கதையாக இருந்தால் நம்மில் பலருக்கு அதில் வேலை இருக்காது. எதுவரை விட்டுக்கொடுக்கலாம் என்று தடவித் தடவிப் பார்த்தவர்கள் இவர்கள்.

முதல் கோடு: சட்டம்

1940 இறுதியில் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. கட்சியின் அடியாள் படையான ‘ஹிர்ட்’ பள்ளிகளுக்குள் புகுந்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் அடித்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் பதவி விலகினார்கள். டெர்போவனின் ஆணைகள் சட்டப்படி செல்லுமா என்று பார்க்கும் உரிமையே நீதிமன்றத்துக்குக் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டதுதான் காரணம். அப்புறம், போதகரிடம் ஒருவர் மனம் திறந்து சொன்னதை வெளியே சொல்லாமல் காக்கும் கடமையில் காவல் துறை கை வைத்தது. அதிகாரிகள் கேட்டால் சொல்லியாக வேண்டும், மறுத்தால் சிறை.

ஏழு பேராயர்களும் சேர்ந்து 1941 ஜனவரியில் சபை மற்றும் கல்வித் துறை அமைச்சர் ராக்னார் ஸ்கான்கேக்குக் கடிதம் எழுதினார்கள். கேட்டது ஒரே கேள்வி: இந்த அரசு சட்டத்துக்கும் நீதிக்கும் கட்டுப்பட்டதாகத் தன்னை நினைக்கிறதா இல்லையா? ஒழுங்கான பதில் வரவில்லை. பிப்ரவரியில் இந்தக் கடிதப் போக்குவரத்தையெல்லாம் சேர்த்து ஒரு மேய்ப்பர் மடலாக அச்சிட்டுச் சபைகளுக்கு அனுப்பினார்கள். காவலர்கள் பிரதிகளைப் பறிமுதல் செய்வதற்குள் பல பிரசங்க பீடங்களிலிருந்து அது வாசிக்கப்பட்டுவிட்டது.

கேள்வி வைக்கப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். ‘நீ அந்நியன், போ’ என்று பேராயர்கள் எழுதவில்லை. ‘நீ எங்கள் மதத்துக்கு விரோதி’ என்றும் எழுதவில்லை. ரோமர் 13-இல் பவுல் அதிகாரியை தேவ ஊழியக்காரன் என்கிறார், நன்மை செய்கிறவனுக்கு அவனால் பயமில்லை என்கிறார். அப்படியானால் அந்த வசனத்துக்குள்ளேயே ஒரு வேலை விவரம் இருக்கிறது. நன்மை செய்கிறவனை அடியாட்கள் அடிக்க, நீதிபதிகள் வெளியேற, அதை வேடிக்கை பார்க்கும் ஓர் அதிகாரம் அந்த வேலையைச் செய்கிறதா? கீழ்ப்படியச் சொல்லி எறியப்பட்ட வசனத்தை அவர்கள் தட்டிவிடாமல் கையில் பிடித்து, முழுவதும் வாசித்துக் காட்டினார்கள்.

அதே 1941-ல் பெர்க்ராவ் போதகர்களின் கூட்டங்களில் ரகசியமாக ஓர் உரை நிகழ்த்தினார். வண்டிக்காரனுக்குப் பைத்தியம் பிடித்தால் என்ன செய்வது என்பதே அதன் தலைப்பு. லூத்தர் கண்மூடித்தனமான கீழ்ப்படிதலைப் போதித்தார் என்பது தவறு என்று அதில் வாதித்தார். ஆதாரம் இல்லாமல் இல்லை. சாக்சனிப் பிரபு ஜார்ஜ், லூத்தர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை ஒப்படைக்கச் சொன்னபோது, ஒரு பக்கத்தைக்கூடக் கொடுக்காதீர்கள் என்று 1523-ல் மக்களுக்கு எழுதியவர் லூத்தர். ஆனால் வீடு புகுந்து எடுத்தால் தடுக்கவும் வேண்டாம் என்றார். ஆத்துமாவின்மேல் சட்டம் போட பிரபுவுக்கு அதிகாரம் இல்லை, அதற்காக நீ ஆயுதம் தூக்கவும் வேண்டாம். நார்வே போதகர்கள் நடந்த பாதை கிட்டத்தட்ட இதே இரட்டைத் தண்டவாளம்தான்.

பிப்ரவரி 1942

1942 பிப்ரவரி 1 அன்று குவிஸ்லிங் அமைச்சர்-அதிபராகப் பதவியேற்றார். ட்ரொன்ட்ஹெய்மில் உள்ள நிடாரோஸ் பேராலயத்தில் அதைக் கொண்டாடக் கட்சிக்காரப் போதகர் ஒருவர் காலை ஆராதனை நடத்தினார். வந்தவர்கள் மிகச் சிலர். பேராலயத்தின் தலைமைப் போதகர் ஆர்னே ஃபியெல்பூ வழக்கமான ஆராதனையைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றி வைத்திருந்தார். அதற்குக் கூட்டம் திரண்டது. முன்னாடியே உள்ளே போனவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களைக் காவலர்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தக் குளிரில் வெளியே நின்றவர்கள் கலையவில்லை. 46-ஆம் சங்கீதத்தை வைத்து லூத்தர் எழுதிய பாட்டைப் பாடினார்கள். தேவன் அரணான கோட்டை என்று தொடங்கும் பாட்டு. ஃபியெல்பூ பதவி நீக்கம் செய்யப்பட்டார்.

சரி, ஒரு போதகரை நீக்கியது நிர்வாக விஷயம் என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். ஆனால் பிப்ரவரி 5-ல் இன்னும் பெரிய இரண்டு சட்டங்கள் வந்தன. 10 முதல் 18 வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் கட்சியின் இளைஞர் அமைப்பில் சேவை செய்தாக வேண்டும் என்றது ஒன்று. ஆசிரியர்கள் அனைவரும் கட்சி நடத்தும் சங்கத்தில் தானாகவே உறுப்பினர்கள் என்றது மற்றது.

பேராயர்கள் பிப்ரவரி 24 அன்று பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ‘திருப்பிக் கொடுத்தார்கள்’ என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். அரசு ஒப்படைத்த பொறுப்பை அரசிடமே விட்டுவிடுகிறேன். அபிஷேகத்தின்போது பலிபீடத்தில் பெற்ற அழைப்பு அரசு தந்ததில்லை, ஆகவே அதைத் திரும்பக் கேட்க அரசுக்கு உரிமையில்லை. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. நாடு முழுவதும் பிரசங்க பீடங்களிலிருந்து ‘திருச்சபையின் அஸ்திவாரம்’ என்ற அறிக்கை வாசிக்கப்பட்டது. ஆறு பகுதிகள் கொண்டது. வாசித்த போதகர்கள் அத்தோடு தங்கள் அரசுப் பதவியைத் துறந்தார்கள். சுமார் 700 போதகர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல்.

அறிக்கையின் நான்காம் பகுதி பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளையை வளர்க்கும் உரிமையும் கடமையும் பெற்றோருடையது, ஞானஸ்நானத்தில் அதைச் சபையும் ஏற்றுக்கொண்டது. அரசு இந்த இடத்துக்குள் நுழைந்து மனசாட்சியை நெருக்க முடியாது. ஐந்தாம் பகுதி அரசைப் பற்றியது. சபையின் ஆளுகையும் உலக ஆளுகையும் வேறு வேறு என்கிற லூத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் (1530) நிலைப்பாட்டை எடுத்து வைத்து, அதிகாரம் அநியாயத்தை அனுமதித்து ஆத்துமாக்களை நெருக்கும்போது சபை மனசாட்சியின் காவலாளியாக நிற்கும் என்றது. அரசு வேண்டாம் என்று ஒரு வரியும் கிடையாது.

கொடுக்க வேண்டியதைக் கொடுத்தபின்

இராயனுடையதை (ரோமப் பேரரசனுடையதை) இராயனுக்கும் தேவனுடையதை தேவனுக்கும் செலுத்துங்கள் என்ற வசனத்தை வரி கட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்த நிகழ்வில் அது வேறு விதமாகச் செயல்பட்டது. எது இராயனுடையது என்று ஒரு பட்டியல் போட்டு, அதை உண்மையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். சம்பளம், அரசுப் பட்டம், அரசுக்கான நிர்வாக வேலை. கொடுத்தபின் மிச்சம் இருந்தது பிரசங்கமும் திருவிருந்தும் நோயாளியின் படுக்கையருகே உட்காருவதும். அதற்கு அரசாணை எண் கிடையாது.

குவிஸ்லிங்கின் ஆட்கள் திணறியது இங்கேதான். ஓர் அரசு ஊழியர் கீழ்ப்படிய மறுத்தால் சம்பளத்தை நிறுத்தலாம், பதவியைப் பறிக்கலாம். இரண்டையும் அவரே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஆலயத்துக்குப் போனால்? கலகம் என்று மிரட்டிப் பார்த்தார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான போதகர்களை ஒரே நாளில் சிறையில் தள்ளும் தைரியம் வரவில்லை. சிலரைக் கைது செய்தார்கள், சிலரை ஊரை விட்டு அனுப்பினார்கள், புதுப் பேராயர்களை நியமித்தார்கள். கட்சிப் போதகர்களின் ஆலயங்கள் காலியாகக் கிடந்தன. சம்பளம் போன போதகர்களைச் சபையார் காணிக்கையால் தாங்கினார்கள்.

பெர்க்ராவை ஈஸ்டர் கழிந்த சில நாளில் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஆஸ்கர் என்ற இடத்தில் காட்டுக்குள் ஒரு குடிலில் காவலில் வைத்தார்கள், 1945 ஏப்ரல் வரை. காவலர்கள் சிலர் அவர் பக்கம் சாய்ந்துவிட, அவர்கள் உதவியோடு மாறுவேடத்தில் வெளியே போய்க் கூட்டங்களில் கலந்துகொண்டு திரும்பியும் இருக்கிறார்! (இந்த அத்தியாயத்தில் சிரிக்கக் கிடைக்கும் ஒரே இடம்.)

ஆசிரியர்கள் கொடுத்த விலை இன்னும் பெரியது. 14,000 பேர் அளவில் இருந்த ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே வாசகத்தை எழுதி அனுப்பினார்கள்: இந்தச் சங்கத்தில் நான் உறுப்பினன் என்று கருத முடியாது, என் மனசாட்சி இடம் தரவில்லை. பெற்றோரிடமிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் துறைக்கு வந்து குவிந்தன. மார்ச் மாதத்தில் சுமார் 1,100 ஆசிரியர்கள் கைதானார்கள். அவர்களில் 600-க்கும் மேற்பட்டோர் வடகோடியிலுள்ள கிர்கெனெஸுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் பணியவில்லை. மே மாதம் ஒரு பள்ளிக்குப் போன குவிஸ்லிங், நீங்கள்தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்கள் என்று ஆசிரியர்களைப் பார்த்துக் கத்தினார். நவம்பருக்குள் கிர்கெனெஸ் போனவர்கள் வீடு திரும்பினார்கள். இளைஞர் சேவைச் சட்டம் தாளிலேயே தங்கிவிட்டது.

அரசு எல்லா வாசலுக்குள்ளும் நுழைய முடியாது என்கிற இதே கருத்தை வேறு கிறிஸ்தவ மரபுகள் வேறு பெயரில் சொல்லியிருக்கின்றன. குடும்பம், பள்ளி, சபை ஒவ்வொன்றுக்கும் தேவன் நேராகக் கொடுத்த தனிப் பொறுப்பு உண்டு, அவை அரசின் கிளை அலுவலகங்கள் இல்லை என்று 1880-ல் ஆம்ஸ்டர்டாமில் பேசினார் சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஆபிரகாம் கைப்பர். சிறிய அமைப்பால் செய்ய முடிந்ததைப் பெரிய அமைப்பு பிடுங்கிக்கொள்வது அநீதி என்று 1931-ல் கத்தோலிக்கரின் போப் பதினொன்றாம் பயஸ் எழுதினார். மனித வாழ்வின் ஒரே ஒழுங்காக, முழு ஒழுங்காக அரசு தன்னை ஆக்கிக்கொள்ளக் கூடாது என்று 1934-ல் ஜெர்மனியில் சபையார் வெளியிட்ட பார்மன் அறிக்கை சொன்னது. நல்ல வாக்கியங்கள்தான். நார்வேயில் இருந்த வித்தியாசம், பெற்றோர், ஆசிரியர், போதகர் மூவரும் ஒரே மாதங்களில் தங்கள் தங்கள் வாசலில் நின்றது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பெர்க்ராவின் இறையியலைத் தாராளவாதம் என்று ஒதுக்கிவந்த பழமைப் பிரிவினரின் தலைவர் ஊலே ஹால்லெஸ்பி. 1920 வாக்கிலேயே தாராளவாதிகளோடு எந்த ஊழியத்திலும் சேரக் கூடாது என்று தீர்மானம் போட்ட கூட்டத்தார் அவர்கள். 1940 அக்டோபரில் இரு தரப்பும் ஒரே ஆலோசனை மன்றத்தில் உட்கார்ந்தார்கள். பேராயர்கள் முடக்கப்பட்டதும் தற்காலிகத் தலைமையை ஹால்லெஸ்பியே ஏற்றுச் சிறைக்கும் போனார். போர் முடிந்தபின், 1953-ல், நரகத்தைப் பற்றி அவர் வானொலியில் ஆற்றிய பிரசங்கத்தால் சபைக்குள் மறுபடி பெரும் சண்டை. ஒற்றுமை என்றால் எப்போதும் ஒரே கருத்து என்று நினைப்பவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

கோடு சறுக்கிய இடம்

இதுவரை படித்தால் வீரக் கதைபோலத் தெரியும். ஆனால் 1942-ன் பிற்பகுதியையும் படிக்க வேண்டும்.

நார்வேயில் அப்போது இருந்த யூதர்கள் சுமார் 2,100 பேர். 1941 ஏப்ரலில் ட்ரொன்ட்ஹெய்ம் ஜெப ஆலயத்தை ஜெர்மானியர் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த ஊரின் மெதடிஸ்ட் சபை யூதர்களுக்கு வழிபட இடம் கொடுத்தது. 1942 தொடக்கத்தில் யூதர்களின் அடையாள அட்டைகளில் யூதர் என்பதைக் குறிக்கும் ‘J’ என்ற எழுத்தை முத்திரையிட்டார்கள். பிப்ரவரியில் பதவி துறந்த பேராயர்களின் கடிதங்களில் இந்த முத்திரைக்கு இடமில்லை. அக்டோபர் 26-ல் யூத ஆண்கள் கைதானார்கள், சொத்துகள் பறிமுதலாயின.

அதற்குப் பின்தான் நவம்பரில் சபையின் கடிதம் குவிஸ்லிங்குக்குப் போனது. பேராயர்கள், தற்காலிகத் தலைமை, இறையியல் கல்வி நிலையங்கள், சுயாதீன சபைகள் எல்லோரும் சேர்ந்து எழுதியது. நேரான கடிதம். குற்றம் சாட்டப்படாமலேயே மனிதர்கள் தண்டிக்கப்படுகிறார்கள், வம்சத்துக்காகத் தண்டிக்கப்படுகிறார்கள், இது தேவ கட்டளைக்கும் நாட்டின் சட்டத்துக்கும் விரோதம் என்றது. டிசம்பரில் பிரசங்க பீடங்களிலும் வாசிக்கப்பட்டது. ஆனால் ‘டொனாவ்’ என்ற கப்பல் 532 யூதர்களோடு ஓஸ்லோ துறைமுகத்தை விட்டுப் போன நாள் நவம்பர் 26. மொத்தம் 770-க்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் நாற்பது பேருக்கும் குறைவு. பாதிக்கும் மேற்பட்ட யூதர்கள் ஸ்வீடனுக்குத் தப்ப முடிந்தது. அந்த எல்லைப் பாதைகளில் உதவியவர்களில் சபையார் பலர் உண்டு என்றாலும் அது சபை எடுத்த முடிவு இல்லை.

கடிதம் எழுதியதைச் சிறுமைப்படுத்தவில்லை. ஐரோப்பாவின் பல சபைகள் அதைக்கூடச் செய்யவில்லை. என் சந்தேகம் வேறு. போதகரின் ரகசியம், பேராலயத்தின் வாசல், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்று எல்லைக் கற்கள் நட்ட இடங்களெல்லாம் சபையின் சொந்த நிலத்தை ஒட்டியே இருந்தன. 1941 மடலில் கேட்ட கேள்வி, அரசு சட்டத்துக்குக் கட்டுப்பட்டதா என்பது, எல்லோருக்கும் பொதுவான கேள்வி. அந்தக் கேள்வியையே விடாமல் பிடித்திருந்தால் முத்திரை குத்திய ஜனவரியிலேயே வாய் திறந்திருக்க வேண்டும். அரசின் எல்லையை இறையியலாகப் பேசும்போது இந்த வழுக்கல் எளிதில் வரும்: ‘மனசாட்சிச் சுதந்திரம்’ என்று தொடங்கி, நம் மனசாட்சியின் சுதந்திரமாக அது சுருங்கிவிடுகிறது.

போருக்குப் பின்

1945 மே மாதம் நார்வே விடுதலையானது. போதகர்கள் பழைய பதவிக்கும் சம்பளத்துக்கும் திரும்பினார்கள். குவிஸ்லிங் அக்டோபர் 24 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார், அமைச்சர் ஸ்கான்கேக்கு 1948-ல் அதே தண்டனை.

பெர்க்ராவ் ஓயவில்லை. 1952-ல் ஹானோவரில் கூடிய உலக லூத்தரன் மாநாட்டில் அரசும் சபையும் பற்றிப் பேசியவர், இந்த முறை நல்லாட்சி அரசையே எச்சரித்தார். பிறப்பு முதல் இறப்புவரை எல்லாத் தேவைகளையும் தானே பார்த்துக்கொள்ளும் நலவாழ்வு அரசு, மனிதனின் முழு நம்பிக்கையையும் தன்மேல் இழுத்துக்கொண்டுவிடும் என்பது அவர் பயம். இதில் அவரோடு என்னால் முழுக்கப் போக முடியவில்லை. மருத்துவமனை கட்டும் அரசையும் பிள்ளைகளைச் சீருடைக்குள் தள்ளும் அரசையும் ஒரே வரிசையில் நிறுத்துவது, 1942-ல் அவரே கிழித்த தெளிவான கோட்டை மங்கலாக்குகிறது. அன்று அவர் அரசின் அளவைப் பற்றிப் பேசவில்லை. எந்த வாசலைத் தாண்டி அது உள்ளே வருகிறது என்பதைப் பற்றியே பேசினார்.

சபைக்கும் அரசுக்குமான முடிச்சை அவிழ்க்க நார்வே இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. 2012-ல் அரசியல் சாசனம் திருத்தப்பட்டது. 2017 ஜனவரி 1 முதல் திருச்சபை தனிச் சட்ட அமைப்பானது, போதகர்கள் அரசு ஊழியர்கள் என்ற நிலை அன்றோடு முடிந்தது. சபையை நடத்தும் பணத்தின் பெரும்பகுதி இன்றும் பொதுக் கருவூலத்திலிருந்துதான் வருகிறது.